வாய்க்குப் பரீட்சை இல்லை!

டோக்கியோ. பல் தந்தியடிக்கும் ஜனவரிக் குளிர். யுஷிமா தென்ஜின் கோயிலில் மரப்பலகைகள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. எல்லாம் 'சாமி, பாஸ் பண்ணி விடு' ரகம்! பக்கத்தில் ஒரு பையன் கிட்கேட் கடித்துக்கொண்டிருந்தான். 'கித்தோ கட்ஸு' என்றால் 'நிச்சயம் ஜெயிப்பே'யாம்.

அங்கே காலேஜ் நுழைவுத் தேர்வு நடந்த மறுநாளே, கேள்வித்தாளைப் பேப்பரில் போட்டுவிடுகிறார்கள். 'பி.காம். படிச்சவனாச்சே, இங்கிலீஷை ஒரு கை பார்ப்போம்' என்று லாட்ஜில் பென்சிலும் கையுமாக உட்கார்ந்தேன். ரீடிங் மட்டும் 80 நிமிஷம், 100 மார்க். 2020 வரை இருந்த உச்சரிப்பு, இலக்கணக் கேள்விகளெல்லாம் போயே போச்சு. பக்கம் பக்கமாகப் படித்து வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். நேரம் முடிந்தபோது எனக்கு 12 கேள்வி பாக்கி!

மானம் போன சோகத்தோடு வெளியே வந்து, ஒரு காலேஜ் பையனிடம் ஸ்டேஷனுக்கு வழி கேட்டேன். திருதிருவென விழித்தான். பாவம், 2006-லிருந்து அந்தப் பரீட்சையில் காதுக்கும் மார்க் உண்டு, வாய்க்குத்தான் இல்லை. தனியார் டெஸ்ட் மூலம் பேச்சையும் சேர்க்கப் பார்த்து, 2021-ல் கைவிட்டுவிட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் இன்டர்வியூவில் நானும் இப்படி விழித்தவன்தான்.

பையன் ஸ்டேஷன் வரைக்கும் கூடவே நடந்து வந்து விட்டான். வாசலில் ரொம்ப யோசித்து, ''குட் லக்'' என்றான்.

பதிலுக்கு எனக்கு இங்கிலீஷே வரவில்லை. குனிந்து ஒரு கும்பிடு போட்டேன்!