நாலு சீட்டுக்குத்தான் இடம்

பலகை மாட்டச் சுவரில் துளை போட்டபோது தூசி என் மேஜையில்தான் விழுந்தது. சோழிங்கநல்லூரில், அந்த ஐந்தாவது மாடியில், என் இருக்கை சுவரோரம். மருத்துவமனைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்கிறவர்கள் நடுவே, அதற்குக் கையேடு எழுதுகிறவன் நான். எந்தக் கூட்டத்துக்கும் எனக்கு அழைப்பு கிடையாது. எல்லாக் கூட்டமும் காதில் விழும்.

பலகையில் கறுப்பு நாடா ஒட்டி ஐந்து பத்தி பிரித்தார்கள். எடுக்க வேண்டியது, கோடிங், ரிவ்யூ, டெஸ்டிங், முடிந்தது. வேலைக்கு ஒரு மஞ்சள் சீட்டு. ஏசி காற்றில் முதல் நாளே பாதிச் சீட்டு உதிர்ந்தது. ஹவுஸ்கீப்பிங் அம்மா கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டார். மறுநாள் காலை இரண்டு இன்ஜினியர்கள் தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அதன்பிறகு செல்லோடேப். ஆயுத பூஜை அன்று சர்வர் அறைக்குக் குழைத்த சந்தனத்தில் பலகைக்கும் ஒரு பொட்டு கிடைத்தது. பலகையோடு வந்த புதிய வேலைமுறையை ஊழியர்கள் ஏற்கிறார்களா என்று அளக்க, பெங்களூரிலிருந்து வந்த பயிற்சியாளர் மேடத்திடம் ஒரு படிவம் இருந்தது. பொட்டுக்கு அதில் மதிப்பெண் இல்லை.

மேடம் ஸ்லைடு போட்டு வரலாறு சொன்னார். டகேயுச்சி, நொனாகா என்ற ஜப்பானியப் பேராசிரியர்கள் 1986இல், ஹோண்டா, கேனன் போன்ற கம்பெனிகளில் புதுப் பொருள் உருவாகும் விதத்தை ரக்பி ஆட்டத்தோடு ஒப்பிட்டு எழுதினார்கள். அந்த ஆட்டத்திலிருந்து பெயரை எடுத்துக்கொண்டு, சதர்லாந்தும் ஷ்வேபரும் 1995இல் ஸ்க்ரம் முறையை மென்பொருள் உலகத்தின் முன் வைத்தார்கள். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பனிச்சறுக்கு விடுதி ஒன்றில் கூடிய 17 பேர் அஜைல் அறிக்கையை எழுதினார்கள். பின்வரிசையில் ஒரு பையன் கேப் புக் செய்துகொண்டிருந்தான்.

காலை பத்தேகாலுக்கு ஸ்டாண்ட்-அப். 15 நிமிஷம், நின்றபடி, வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் பேசி அன்றைய வேலையைத் தீர்மானிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இங்கே அரைவட்டமாக நின்ற எல்லார் முகமும் மேனேஜர் பக்கம் இருந்தது. "நேத்து ரவுண்ட்-ஆஃப் டிக்கெட் பார்த்தேன் சார். இன்னிக்கும் அதான் சார். ப்ளாக்கர் ஒண்ணும் இல்ல சார்." ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்பதில்லை, தன் முறை வந்தால் என்ன சொல்வது என்று உதடு அசையாமல் ஒத்திகை. மேனேஜர் ஒய்2கே காலத்தில் கோபோல் எழுதி மேலே வந்தவர். தலையாட்டிக் கேட்டுக்கொண்டே நோட்டில் குறிப்பார். கேபினுக்குப் போனதும் பழைய எக்செல் டிராக்கரைத் திறந்து நிரப்புவார். ஒரே வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று பலகையில் ஒரு தடவை, ஜிரா மென்பொருளில் ஒரு தடவை, டிராக்கரில் ஒரு தடவை எழுத வேண்டியதாயிற்று. அந்த மாதங்களில் புதிய முறை என்றால் கூடுதல் முறை.

மேடம் ஒரு தந்திரம் செய்து பார்த்தார். யாராவது தன்னைப் பார்த்துப் பேசினால் குனிந்து தன் செருப்பைப் பார்ப்பார். பேசுகிறவனுக்கு ஒரு முகம் வேண்டுமே. வேறு வழியில்லாமல் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்துச் சொல்வான். மேனேஜரிடமும் இதைச் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. அவரும் தரையைப் பார்க்க ஆரம்பித்தார். இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டாள்.

வேலையின் பளுவை மதிப்பிடச் சீட்டாட்டம் வேறு. 1, 2, 3, 5, 8, 13. பெரியவர் சொன்னதைச் சின்னவர்கள் வழிமொழிந்துவிடக் கூடாது என்பதற்காக எல்லாரும் ஒரே நேரத்தில் சீட்டைத் திருப்ப வேண்டும். டெக் லீட் தன்னுடையதைக் கால் நொடி முன்னால் திருப்புவார். அது போதும்.

இத்தனை சடங்குக்கும் நடுவில், டெஸ்டிங் பத்தியின் தலையில் வட்டமிட்டு ஒரு 4 இருந்தது. டெஸ்டிங்கில் இரண்டு பேர். ஆளுக்கு இரண்டு சீட்டு. அதற்கு மேல் அந்தப் பத்தியில் எதுவும் ஏறக் கூடாது. டொயோட்டாவில் டாயிச்சி ஓனோ வளர்த்த கான்பானிலிருந்து வந்த பழக்கம் இது. 2004இல் மைக்ரோசாஃப்டின் பராமரிப்புக் குழு ஒன்றில் டேவிட் ஆண்டர்சன் இந்த வழியில் இறங்கிப் பார்த்தார். அந்தக் குழு உட்கார்ந்திருந்தது ஹைதராபாத்தில் என்று மேடம் சொன்னபோதுதான் முன்வரிசை நிமிர்ந்தது. அங்கே நாளைத் தின்றுகொண்டிருந்த எஸ்டிமேட்டை நிறுத்தி, ஒரு நேரத்தில் கையில் எடுக்கும் வேலைக்கு அளவு வைத்தார்கள். மாதக்கணக்கில் காத்துக் கிடந்தவை வாரக்கணக்கில் முடிந்தன.

டெஸ்டிங் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோட் அவரிடம் வரும், திங்கள்கிழமை ரிலீஸ். தாமதம் எங்கே தொடங்கினாலும் அது வந்து விழுவது அவருடைய சனி, ஞாயிறில். பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாவுக்குப் போக முடியாததை ஃபோனில் மகளுக்குத் தணிந்த குரலில் விளக்கியதை நான் கேட்டிருக்கிறேன்.

ஒரு புதன்கிழமை. நாலு சீட்டும் நிறைந்திருந்தன. ஒரு டெவலப்பர் ஐந்தாவதைக் கொண்டுவந்து, நாலாவதின் அடியில் செருகி, ஓரம் மட்டும் தெரிகிறபடி ஒட்டிவிட்டுப் போனான். சாப்பாடு முடித்து வந்த அக்கா பலகை முன் நின்றார். அந்த ஓரத்தை நகத்தால் கிளப்பி, சீட்டை உரித்து, கொண்டுபோய் அவன் மானிட்டரில் ஒட்டினார்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணுதான். இன்னிக்கே டெஸ்டிங் போகணும்னு சார் சொல்லிட்டாரு."

"இடமில்ல தம்பி."

"அப்ப நான் சும்மா உக்காரவா?"

"சும்மா எதுக்கு? டிஸ்சார்ஜ் பில் திங்கக்கிழமையிலேர்ந்து நிக்குது. வா, நீ ஒரு பக்கம் பாரு."

அவன் கேபினைப் பார்த்தான். மேனேஜர் கண்ணாடிக்கு உள்ளிருந்து பலகையைப் பார்த்தார். அந்த 4 அவர் கையெழுத்து. மேடம் பிடிவாதமாக மார்க்கரை அவர் கையில் கொடுத்து எழுத வைத்திருந்தார். அவர் வாயைத் திறக்கவில்லை. பையன் நாற்காலியை உருட்டிக்கொண்டு அக்கா மேஜைக்குப் போனான். பில் தொகையை ரவுண்ட்-ஆஃப் செய்தபின் இன்ஷூரன்ஸைக் கழிப்பதா, கழித்தபின் ரவுண்ட்-ஆஃபா என்பதில் சிக்கல். கோட் அவனே எழுதியது. அரைமணி நேரம் கழித்து, "அய்யோ, ஆமாக்கா" என்றான்.

ஸ்டாண்ட்-அப்பும் சீட்டாட்டமும் செய்யாததை அந்த ஒரு எண் செய்தது என்று நினைக்கிறேன். சம்பளப் பட்டியலில் கீழே இருக்கும் ஒருவர், குரலை உயர்த்தாமல், மேலே இருப்பவர் அனுப்பிய வேலையைத் திருப்பி அனுப்ப முடிந்தது. மறுப்பது அவரல்ல, பலகை.

மற்றதெல்லாம் ஒன்றும் தலைகீழாகிவிடவில்லை. முடித்த வேலையைத் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ கூட்டத்தில் குறையைத் தாராளமாகச் சொல்லலாம் என்றால் டீ மெஷினைத்தான் சொல்கிறார்கள். தலைமை அலுவலகம் மாதாமாதம் வேகப் புள்ளி கேட்கத் தொடங்கியதும், சீட்டாட்டத்தில் பழைய 3களெல்லாம் 5 ஆயின. வரைபடம் அழகாக ஏறியது. டிராக்கரும் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அக்கா பெரும்பாலும் ஆறரை பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார்.

போன வாரம் எதிர்ப்பகுதிக் குழுவின் மேனேஜர் பலகையைப் பார்க்க வந்தார். அடுத்து அவர்களுக்குத்தானாம். நாடாவைத் தொட்டுப் பார்த்தார், ஃபோனில் படம் எடுத்துக்கொண்டார், மேடத்திடம் கேட்டார்:

"எல்லாம் சரி. அந்த நாலை மட்டும் நாங்க ஆறா வச்சுக்கலாமா?"

பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "உங்க டீம்ல டெஸ்டிங்குக்கு எத்தனை பேர் சார்?"

"ஒருத்தர்தான்மா."