ராசிங்காபுரத்திலிருந்து சிங்கப்பூருக்கு

எங்கள் ஊர் ராசிங்காபுரம். போடிநாயக்கனூருக்குப் பக்கம். போடிமெட்டு வரை பஸ்ஸில் ஏறி இறங்குவதே எனக்குப் பெரிய பிரயாணம். அப்படிப்பட்டவளுக்கு, தலைப்பிரசவத்துக்கு வரச் சொல்லி சிங்கப்பூரிலிருந்து மகள் விமான டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள்.

டிக்கெட்டில் 14-ஆம் தேதி, 0.30 மணி என்று போட்டிருந்தது. பதினான்காம் தேதி ராத்திரி என்றுதானே நினைக்கத் தோன்றும்? 2023 ஜூனிலிருந்து போடியிலிருந்தே சென்னைக்கு ரயில் விட்டிருக்கிறார்களே என்று, 13-ஆம் தேதி ரயிலுக்கு இடம் பிடித்துவிட்டு, நிம்மதியாகப் பிரசவ மருந்து இடித்துக்கொண்டிருந்தேன்.

12-ஆம் தேதி சாயங்காலம் அக்கா மகன் வந்தான். டிக்கெட்டைப் பார்த்ததும், "சித்தி, இது நாளைக்கு ராத்திரி கிளம்புற விமானம்! பன்னிரண்டு அடிச்சாத் தேதி மாறிடும்ல?" என்றான். எனக்குக் கை கால் ஓடவில்லை. அப்போது ரயில் வாரத்தில் மூன்று நாள்தான், அன்றைக்குக் கிடையாது. மருந்தை டப்பாவில் கொட்டிக்கொண்டு, அவனையே துணைக்கு அழைத்துக்கொண்டு ராத்திரி பஸ் ஏறினேன்.

அடுத்த குழப்பம் காலை 7.15-க்குப் போய்ச் சேரும் என்று போட்டிருந்தது. ஆறே முக்கால் மணி நேரமா உட்கார்ந்திருக்கணும்? இல்லையாம். டிக்கெட்டில் புறப்படும் நேரம் நம்ம ஊர்க் கணக்கு, சேரும் நேரம் அந்த ஊர்க் கணக்கு. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. அதைக் கழித்தால் நாலே கால் மணிதான். திரும்பும்போது பாருங்கள், இரவு 8.00-க்குக் கிளம்பி 9.40-க்குச் சென்னை என்று இருந்தது!

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வான்வழியே சுமார் 2,900 கிலோமீட்டர். நாங்கள் போடியிலிருந்து சென்னை போய்ச் சேர ஆன நேரத்தில் பாதி கூட ஆகவில்லை. அந்தக் காலத்தில் கப்பலில்தான் போனார்கள். 1985-இல் தீப்பிடிக்கும் வரை 'எம்.வி. சிதம்பரம்' ஓடியது. போய்ச் சேர ஒரு வாரம் ஆகுமாம்.

விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றை அழுத்தி வைத்திருப்பதால், ஊட்டி உயரத்தில் இருப்பது போலத்தான். ஆனால் இறங்கும்போது காது அடைத்துக்கொண்டது. போடிமெட்டுப் பழக்கம்தானே! முந்தானையில் முடிந்திருந்த ஏலக்காயை மென்று எச்சில் விழுங்கினேன், 'டப்'பென்று விட்டது. கைக்குழந்தையோடு போகிறவர்கள் இறங்கும் நேரத்தில் பால் கொடுங்கள், குழந்தை விழுங்க விழுங்க வலி தெரியாது. தண்ணீர் நிறையக் குடித்து, நடுவில் எழுந்து நாலு எட்டு நடந்ததில் எனக்குக் கால் வீங்கவில்லை. நரம்பு சுருட்டல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முன்னதாக டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

மாப்பிள்ளை வந்து அழைத்துப் போனார். அன்று ராத்திரியே மகளுக்கு வலி கண்டுவிட்டது. 15-ஆம் தேதி காலை ஐந்து மணிக்குப் பேத்தி பிறந்தாள். என் கையில்தான் முதலில் கொடுத்தார்கள். என் பழைய கணக்குப்படி போயிருந்தால், அந்நேரம் சென்னை விமான நிலையத்தில் காலாவதியான டிக்கெட்டோடு நின்றிருப்பேன்.

ராசிங்காபுரத்துக்குப் போன் போட்டேன். அங்கே ராத்திரி இரண்டரை. முதல் மணியிலேயே அவர் எடுத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அங்கே விடிஞ்சிருச்சா?" என்று மட்டும் கேட்டார்.