படகுக்கு நானே வைத்த ஆப்பு

மிச்சிகன்ல ஏரித் தண்ணிதானே, உப்பு ஏது, அலுமினியப் படகு எங்கே அரிக்கப் போகுதுன்னு மெத்தனமா இருந்தேன். பழைய 14 அடிப் படகு. மோட்டார் மாட்டுற பின்பலகை மக்கிப் போனதால, இனி மக்கவே கூடாதுன்னு மருந்தேத்தின ப்ளைவுட்டை நானே வாங்கி மாட்டினேன். அங்கதான் வினை. 2004-லிருந்து இங்கே வீட்டு வேலைக்கு விக்கிற அந்த மாதிரி மரத்துல ஆர்சனிக் போய், செம்பு கூடிப்போச்சு. ஈரம் பட்டா செம்பு அலுமினியத்தைத் தின்னும்.

போன சனிக்கிழமை பலகையைக் கழட்டினா ஒரே வெள்ளை மாவு. சுரண்டினா குழி குழியா இருக்கு. ஒரு இடத்துல ஸ்க்ரூடிரைவர் முனை அப்படியே உள்ளே போயிடுச்சு. பொண்ணு உட்கார்ற இடத்துக்கு நேர் பின்னாடி! எபாக்சி பூசி மூடிடலாம்னுதான் முதல்ல தோணுச்சு. மோட்டாரைத் தாங்குற இடம்ங்க அது. புதுத் தகடு வெட்டி ரிவெட் அடிக்கணும், உள்ளே மருந்தில்லாத மரைன் ப்ளைவுட். அதுவரைக்கும் படகு கராஜ்லதான். பொண்ணுகிட்ட இன்னும் சொல்லலை.