திருவல்லிக்கேணியில் ஒரு கட்டில்

சீட் கிடைச்சாச்சு. கட்-ஆஃப், கவுன்சலிங், ஃபீஸ் எல்லாம் முடிஞ்சு, ‘பையன் மெட்ராஸ்ல படிக்கப் போறான்’னு தெரு முழுக்கச் சொல்லியாச்சு. அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது அப்பா மெதுவாக ஒரு கேள்வி கேட்பார் பாருங்கள்: “அது சரி, தங்குறது எங்கடா?”

இந்தக் கேள்வியோடு சென்னையில் வந்து இறங்கியவர்களுக்கு ஒரு கணக்கே கிடையாது. அவர்களுக்கு இந்த ஊர் என்னென்ன பதில் சொன்னது என்று பார்க்க, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஃப்ரீ பண்ணிக்கிட்டு வாங்க. செருப்பு மட்டும் நல்லதா போட்டுக்குங்க. நடக்கணும்.

பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்குங்கள். கிரிக்கெட் ஸ்டேடியத்துக்குப் பக்கத்திலேயே விக்டோரியா ஹாஸ்டல். மாநிலக் கல்லூரி மாணவர்களுக்காக வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது. கல்லூரிக்கு வயசு இன்னும் அதிகம். 1840-ல் ஆரம்பித்து, 1870-ல் கடற்கரைச் சாலையில் இப்போது இருக்கும் கட்டடத்துக்குக் குடிவந்தது. ராணி பெயரில் ஹாஸ்டல், கொஞ்சம் தள்ளிக் கடல், பக்கத்தில் ஸ்டேடியம். டிக்கெட் வாங்காமலே, கூட்டம் போடும் சத்தத்தை வைத்து சிக்ஸரா விக்கெட்டா என்று சொல்லிவிடலாம். இப்படி ஒரு அட்ரஸ் யாருக்குக் கிடைக்கும்?

அதுதான் பிரச்னையே. ஒரு ஹாஸ்டலில் இத்தனை கட்டில்தான் என்று ஒரு அளவு உண்டு. ஊரிலிருந்து வருகிற பெட்டிகளுக்கு அளவு கிடையாது. மீதிப் பேர் எங்கே போனார்கள்? அப்படியே பாரதி சாலையில் திரும்புங்கள். பழைய பேர் பைகிராஃப்ட்ஸ் ரோடு. பிளாட்பாரத்தில் பழைய புத்தகக் கடைகள். போன வருஷ சீனியர் விற்ற புத்தகத்தை, அவர் பென்சிலில் போட்ட கோடோடு சேர்த்து, பாதி விலைக்கு வாங்கலாம். (கோடு போட்ட இடமெல்லாம் பரீட்சையில் வரும் என்று நம்பிவிடாதீர்கள்!)

அதைத் தாண்டி உள்ளே நுழைந்தால் மேன்ஷன் உலகம். பேரைக் கேட்டு ஏமாந்துடாதீங்க. சென்னையில் மேன்ஷன் என்றால் மாளிகை இல்லை. நீளமான நடை, இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்ன ரூம்கள், நடையின் கோடியில் எல்லாருக்கும் பொதுவான பாத்ரூம். ரூமுக்குள் கட்டில், ஒரு ஃபேன், சுவரில் சுவருக்குச் சுவர் கட்டிய கொடி. அந்தக் கொடியில் தொங்கும் ஈர ஜட்டியிலிருந்து சொட்டும் தண்ணி நோட்டில் விழாமல் படிப்பது ஒரு தனிக் கலை. காலையில் ஏழு மணிக்கு பக்கெட்டோடு க்யூவில் நிற்கும்போதுதான், பக்கத்து ரூம்காரர் டி.என்.பி.எஸ்.சி-க்கு மூணாவது தடவையாகப் படிக்கிறார், அதற்கடுத்த ரூம்காரருக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை, மாடியில் இருப்பவர் சினிமாவில் அசிஸ்டென்ட் என்பதெல்லாம் தெரியவரும். அவர்களில் யாராவது ஒருத்தர், காய்ச்சல் வந்து நீங்கள் சுருண்டு கிடக்கும் அன்னிக்கு, கேட்காமலே பன்னும் டீயும் வாங்கி வந்து வைப்பார். எந்த கல்லூரி பிராஸ்பெக்டஸிலும் இது இருக்காது.

சாப்பாடு? அக்பர் சாகிப் தெருவில் காசி விநாயகா மெஸ். டோக்கன் வாங்கிக்கொண்டு உங்கள் நம்பர் வரும்வரை நிற்க வேண்டியதுதான். மாசத் தொடக்கம், மணியார்டர்... சாரி, இப்போ ஜிபே வந்த நாளாக இருந்தால் ரத்னா கபே. 1948-லிருந்து இருக்கிற கடை. இட்லி தெரியாதபடி சாம்பாரை ஊற்றித் தருவார்கள். மாசக் கடைசியில் அந்தப் பக்கமே போகாதீர்கள், வாசனை கொல்லும்.

இனிமேல்தான் இந்த நடையில் முக்கியமான விஷயம். நூறு வருஷத்துக்கு முன்னால் இதே திருவல்லிக்கேணியில் காசு கொடுக்கத் தயாராக இருந்தாலும் எல்லாருக்கும் சாப்பாடும் ரூமும் கிடைத்துவிடாது. முதலில் ஜாதி கேட்பார்கள். காலேஜில் சேர்ந்துவிட்டு, தங்க இடமில்லாமல் தவித்த பிராமணரல்லாத மாணவர்கள் நிறைய. இங்கேயே டாக்டராக இருந்த சி.நடேச முதலியார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 1916-ல் ‘திராவிடர் இல்லம்’ என்று ஒரு மாணவர் விடுதி ஆரம்பித்தார். அதே வருஷம் நவம்பரில் அவரும் தியாகராயரும் டி.எம்.நாயரும் சேர்ந்து தொடங்கிய அமைப்புதான் நீதிக்கட்சி ஆனது. மேடைப் பேச்சில் கட்சி வரும், விடுதி வராது. எனக்கென்னவோ விடுதிதான் பெரிய விஷயமாகப் படுகிறது. அங்கே தங்கிப் படித்த ஒருத்தர் ஆர்.கே.சண்முகம் செட்டியார். 1947-ல் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர்!

அந்த இல்லம் சில வருஷம்தான் நடந்தது. கேள்வி மட்டும் அப்படியே இருந்தது. அதற்கு அடுத்த பதிலைப் பார்க்க அண்ணா சாலைக்கு வந்து சைதாப்பேட்டை பஸ் பிடியுங்கள். அங்கே எம்.சி.ராஜா விடுதி. யார் இந்த ராஜா? 1883-ல் பிறந்து, பள்ளி ஆசிரியராக வேலை பார்த்து, சென்னை சட்டமன்றத்தில் ஆதிதிராவிடர்களின் குரலாக இருந்தவர். அவர் பேரில் இயங்கும் அரசுக் கல்லூரி விடுதிக்கு 2025-ல் பத்து மாடியில் புதுக் கட்டடம் திறந்தார்கள். அதே வருஷம் ஜூலையில் அரசு நல விடுதிகள் எல்லாவற்றுக்கும் ‘சமூகநீதி விடுதி’ என்று பேர் வைத்தார்கள்.

பேர் நல்ல பேர். தட்டையும் கொஞ்சம் பாருங்கள். கல்லூரி விடுதி மாணவருக்கு மாச உணவுப் படி 1,100 ரூபாயாக இருந்தது. 2023-ல் 1,500 ஆக்கினார்கள். முப்பதால் வகுங்கள். நாளைக்கு 50 ரூபாய். நாம் இப்போது தாண்டி வந்த திருவல்லிக்கேணியில் ஒரு ஃபுல் மீல்ஸுக்கே அது பத்தாது. பத்து மாடி கட்டத் தெரிந்தவர்களுக்கு இந்த வகுத்தல் தெரியாமல் இருக்காது.

இன்னொண்ணையும் கவனிச்சிருப்பீங்க. விக்டோரியா ஹாஸ்டல், மேன்ஷன், திராவிடர் இல்லம், எம்.சி.ராஜா விடுதி... இந்த நடை முழுக்க ஆம்பளப் பசங்க கதைதான். ‘தங்குறது எங்கே’ என்ற கேள்வியிலேயே படிப்பு நின்றுபோன பெண்கள் யாரும் சேப்பாக்கம் வரைக்கும் வரவே இல்லை. அதனால் இதைப் படிக்கிறவர்கள் ஊரில் இருக்கும் தங்கச்சிக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சொல்லவேண்டிய தகவல்: பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் சேர வீடு கல்லூரியிலிருந்து 8 கிலோமீட்டருக்கு மேல் இருக்கணும் என்று ஒரு விதி உண்டு. மாணவிகளுக்கு அந்த விதி கிடையாது. பெற்றோர் வருமான வரம்பு மட்டும் எல்லாருக்கும் உண்டு. விவரங்களை விடுதி வார்டனிடமோ, மாவட்ட நல அலுவலகத்திலோ கேட்கலாம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய், 2022-லிருந்து. பையன்களுக்கு தமிழ்ப்புதல்வன், 2024-லிருந்து.

கட்டில் கிடைத்த பிறகும் முதல் மாசம் கொஞ்சம் கஷ்டம்தான். ராத்திரி லைட் அணைத்ததும் வீட்டு ஞாபகம் வரும். பக்கத்துக் கட்டில்காரனும் தூங்கவில்லை என்பது நாலு நாள் கழித்துத்தான் தெரியும். அதெல்லாம் சரியாகிவிடும். சரியாகக் கூடாத ஒன்று உண்டு. 1996-ல் சிதம்பரத்தில் ஒரு முதலாண்டு மருத்துவ மாணவரை ஹாஸ்டலில் சீனியர் ஒருவர் கொன்றார். அதற்கு மறு வருஷம் வந்ததுதான் தமிழ்நாட்டின் ராகிங் தடைச் சட்டம். ‘சும்மா ஜாலிக்கு’ என்று யாராவது ஆரம்பித்தால் 1800-180-5522. இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். மனசு ரொம்ப பாரமாக இருந்தால் டெலி மானஸ், 14416. தமிழிலேயே பேசலாம். இரண்டையும் செல்லில் போட்டு வையுங்கள், ரூம்மேட்டுக்கும் அனுப்புங்கள்.