கப்பலில் போய் வரலாமா?
கைக்கு அடக்கமான கடல் பயணத்துக்கு ஒரு கணக்கு



'கப்பல்' என்று சொன்னதும் நம் வீட்டுப் பெரியவர்கள் பெருமூச்சு விடுவார்கள். பிள்ளைகள் கை தட்டுவார்கள். தாத்தாவுக்குக் கப்பல் என்றால் நாகப்பட்டினத்தில் ஏறி, பாயை விரித்துப் படுத்து வந்த கப்பல். பேரனுக்கோ நீச்சல் குளமும் வண்ண விளக்குகளுமாக மிதக்கும் மாளிகை. லூபோக் சீனாவிலும் சுற்று வட்டாரத் தோட்டங்களிலும் இருக்கும் ஒரு குடும்பம், கடன்படாமல் இந்த இரண்டாவது கப்பலில் ஏறி இறங்க முடியுமா? உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம், வாருங்கள்.

ஆற்றங்கரை ஊர்

லூபோக் சீனா சின்ன ஊர்தான். மலாக்கா மாநிலத்தின் வட கோடியில், அலோர் காஜா மாவட்டத்தில், லிங்கி ஆற்றுப் பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் நெகிரி செம்பிலான். சுற்றிலும் ரப்பரும் செம்பனையும். ஆனாலும் கடல் வாணிபம் இந்த ஊருக்குப் புதிது அல்ல. சுங்கை ஊஜோங்கில், அதாவது இன்றைய சிரம்பான் பக்கம் தோண்டிய ஈயம், 19-ஆம் நூற்றாண்டில் லிங்கி ஆற்று வழியே படகில் வந்துதான் மலாக்கா நீரிணையை அடைந்தது. ரயிலும் நல்ல ரோடும் வராத காலத்தில் ஆறுதான் சாலை.

தாத்தா வந்த கப்பல்

தோட்ட வேலைக்கு ஆள் சேர்ப்பதற்காக 1907-இல் குடியேற்ற நிதி ஒன்று ஏற்பட்டது. முதலாளிகள் அதில் பணம் கட்டினார்கள். அந்தப் பணத்தில் தொழிலாளிக்கு இலவசக் கப்பல் டிக்கட்டு கிடைத்தது. கங்காணி ஊருக்குப் போய் ஆட்களைக் கூட்டி வருவார். 1938-இல் இந்திய அரசாங்கம் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்யும் வரை இது நடந்தது.

அந்தக் கால மக்கள் மறக்காத பெயர் 'ரஜூலா'. 1926-இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் போவதும் வருவதுமாக இருந்தது. பெரும்பாலோர் 'டெக்' பயணிகள். அவர்களுக்கு அறையும் கிடையாது, கட்டிலும் கிடையாது. மேல்தட்டில் பாயை விரித்து, மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுக்க வேண்டும். கரை சேர்ந்த பிறகும் பலரை நேராகத் தோட்டத்துக்கு விடமாட்டார்கள். நோய் பரவாமல் இருக்க தடுப்பு முகாமில் வைத்துப் பார்த்த பிறகே அனுப்பினார்கள்.

ரஜூலாவுக்குப் பிறகு பெயர் வாங்கியது 'எம்.வி. சிதம்பரம்'. பிரெஞ்சுக்காரர்களின் 'பாஸ்டர்' என்ற கப்பலை இந்தியக் கப்பல் கழகம் 1972-இல் வாங்கி அந்தப் பெயரைச் சூட்டியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்தது. பயணிகள் பலர் மாண்டார்கள். அதோடு நம் மக்களின் அந்தக் கடல் வழியும் மூடிப்போயிற்று. ஆகாய விமானமே வழி என்றாகிவிட்டது.

இன்றைய கப்பல்

இப்போதுள்ள உல்லாசக் கப்பல் ஊருக்குப் போய்ச் சேருவதற்கு அல்ல. ஏறி, இரண்டு மூன்று இரவு தங்கி, ஒன்றிரண்டு துறைமுகம் பார்த்து, ஏறிய இடத்திலேயே இறங்குவது. நம் நாட்டில் இதற்கான துறைகள் புலாவ் இண்டாவிலும் பினாங்கு ஜார்ஜ் டவுனிலும் உள்ளன. சிங்கப்பூரிலும் பெரிய துறை உண்டு. 2022 ஜூன் மாதம் சிங்கப்பூரிலிருந்து ஓடத் தொடங்கிய 'கெந்திங் ட்ரீம்' என்ற கப்பல், நம்மவர்கள் அதிகம் கேள்விப்பட்ட ஒன்று. 2016-இல் ஜெர்மனியில் கட்டப்பட்டது. நீளம் 335 மீட்டர். மூன்று காற்பந்துத் திடல்களை வரிசையாக வைத்தாற்போல!

விளம்பர விலையை நம்பாதீர்கள்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ஒரு விலை இருக்கும். பொதுவாக அது ஓர் ஆளுக்கான விலை. அதுவும் ஓர் அறையில் இருவர் தங்கினால்தான். அதற்குமேல் துறைமுகக் கட்டணம் உண்டு. ஒவ்வோர் இரவுக்கும் ஆள் ஒன்றுக்குச் சேவைக் கட்டணம் என்று ஒன்றும் உண்டு. சின்னப் பிள்ளைக்கும் இவை கேட்கப்படலாம்.

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா, பன்னிரண்டு வயதுக்குள் இரண்டு பிள்ளைகள், மூன்று இரவுகள். டிக்கட்டு ஆளுக்கு 700 வெள்ளி என்றால் நால்வருக்கு 2,800. துறைமுகக் கட்டணம் ஆளுக்கு 250 என்றால் 1,000. சேவைக் கட்டணம் இரவுக்கு 60 என்றால் 720. ஆக 4,520 வெள்ளி. விளம்பரத்தில் பார்த்ததோ வெறும் 700!

இன்னும் முடியவில்லை. கடப்பிதழுக்குப் பெரியவர்களுக்கு 200 வெள்ளி, பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 100 வெள்ளி. நால்வருக்கும் சேர்த்து 600. போக வர வண்டிச் செலவு, கைச்செலவு 500 என்று வைத்தால் மொத்தம் 5,620 வெள்ளி. 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளத்தில் இது மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட உழைப்பு. ஒரே மூச்சில் கட்டினால் குடும்பம் தள்ளாடிப் போகும். 24 மாதம் சேர்த்தால் மாதம் 235 வெள்ளி. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இது முடியக்கூடிய காரியம்.

கூட்டுப் பிடித்து அந்தப் பணத்தில் போகலாம் என்று சிலர் நினைப்பார்கள். வேண்டாம். கூட்டு நடத்துவது 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பிடித்தவர் ஓடிவிட்டால் பயணமும் போச்சு, பணமும் போச்சு. வங்கியில் தனிக் கணக்குப் போட்டுச் சேருங்கள்.

செலவைக் குறைக்கும் வழிகள்

ஜன்னல் இல்லாத உள் அறைதான் மலிவு. பகல் முழுக்க மேல்தட்டில் இருக்கப் போகிறீர்கள். தூங்குவதற்கு ஜன்னல் எதற்கு? பள்ளி விடுமுறை, தீபாவளி, சீனப் பெருநாள் காலங்களில் விலை ஏறும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் கெடாமல் போக வேண்டுமானால் விடுமுறைதான் கதி. அப்படியானால் பல மாதங்களுக்கு முன்பே பதிந்துவிடுங்கள். ஒரே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குச் சலுகை உண்டா என்று கேளுங்கள். பல நேரம் இருக்கும்.

டிக்கட்டில் சேர்ந்த சாப்பாட்டுக் கூடம் எது, தனிக் காசு கேட்கும் கடை எது என்று ஏறிய அன்றே தெரிந்துகொள்ளுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் பதியும்போதே சொல்லிவிட வேண்டும். கடலுக்குள் போனதும் கைத்தொலைபேசியை விமான முறையில் வைத்துவிடுங்கள். துணைக்கோள இணைப்பில் தெரியாமல் பேசினால் பில் எகிறும். கப்பலில் சூதாட்டக் கூடம் உண்டு. அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். இரண்டு ஆண்டுச் சேமிப்பு இரண்டு மணி நேரத்தில் கரைந்துவிடும்.

பணம் கட்டும் முன்

முகவர் சுற்றுலா அமைச்சின் உரிமம் பெற்றவரா என்று பாருங்கள். தனி ஆளின் பெயரில் உள்ள கணக்கில் பணம் போடச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். போலீசாரின் 'செமாக் மூல்' இணையத்தளத்தில் அந்த வங்கிக் கணக்கின் மீது புகார் உண்டா என்று பார்க்கலாம். ஏமாந்தது தெரிந்த உடனே 997 எண்ணை அழையுங்கள். தாமதித்தால் பணம் கைமாறிவிடும். ரசீது, எழுத்தில் கொடுத்த பயணத் திட்டம் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். சொன்னபடி செய்யாத நிறுவனத்தின் மீது பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம். 50,000 வெள்ளி வரை கேட்கலாம்; வக்கீல் தேவையில்லை.

பாட்டியை விட்டுவிடாதீர்கள்

இதுதான் முக்கியமான விஷயம். வெளிநாட்டுத் துறைமுகம் போகும் கப்பலில் ஏறக் கடப்பிதழ் வேண்டும். பொதுவாக அது இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். நம் தோட்டங்களில் சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிறப்புப் பத்திரம் சரியில்லாத பிள்ளைகளும் உண்டு. மலேசியக் கடப்பிதழ் குடிமக்களுக்குத்தான். டிக்கட்டு வாங்கிய பிறகு இது தெரிய வந்தால், கப்பலில் வந்து இந்த மண்ணில் காடு வெட்டியவரையே கரையில் நிறுத்திவிட்டு நாம் மட்டும் ஏற வேண்டியிருக்கும். ஆகவே முதல் வேலை பணம் சேர்ப்பது அல்ல. வீட்டில் உள்ள அத்தனை பேருடைய பத்திரங்களையும் எடுத்துப் பார்ப்பது. குறை இருந்தால் தேசியப் பதிவுத் துறைக்குப் போய் இன்றே மனுக் கொடுங்கள். பயணத்துக்காக இல்லாவிட்டாலும் பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் அது வேண்டியதுதானே!

பத்திரம் கிடைக்கும் வரை பாட்டிக்குக் கடல் இல்லையா? உண்டு. கோல பெர்லிசிலிருந்து லங்காவிக்கோ, லூமுட்டிலிருந்து பங்கோருக்கோ பெர்ரியில் போகலாம். நம் மலாக்காவிலேயே புலாவ் பெசாருக்குப் படகு இருக்கிறது. காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். கடப்பிதழ் தேவையில்லை. யாருக்குத் தலை சுற்றும், யாருக்கு வாந்தி வரும் என்பதும் இந்தச் சின்னப் பயணத்திலேயே தெரிந்துவிடும். பெரிய பயணத்துக்கு இது நல்ல ஒத்திகை.

புறப்படும் நாள்

கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. புறப்படுவதற்கு வெகு முன்பே பதிவை முடித்துவிடுவார்கள். லூபோக் சீனாவிலிருந்து புலாவ் இண்டாவுக்குப் போகிறவர்கள் விடியற்காலையிலேயே கிளம்புவது நல்லது. அன்றாட மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டி அறைக்கு வந்து சேர நேரமாகும். கர்ப்பமாக இருப்பவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள் முன்கூட்டியே விதிமுறையைக் கேட்க வேண்டும். பெரும்பாலான கப்பல்களில் 24 வாரம் ஆன கர்ப்பிணிகளையும் ஆறு மாதம் ஆகாத குழந்தைகளையும் ஏற்றுவதில்லை. கப்பல் டாக்டருக்குக் கட்டணம் அதிகம். ஆகவே காப்புறுதி எடுத்துக்கொள்ளுங்கள்.

வாசகர்களே, கடன் வாங்கி ஏறும் கப்பல் கரைக்கு வந்தாலும் கடன் கரைசேராது. இரண்டு ஆண்டுகள் பொறுத்து, காசைக் கையில் வைத்துக்கொண்டு ஏறுங்கள். மேல்தட்டில் நின்று நீரிணையைப் பார்க்கும்போது, இதே தண்ணீரின் மேல் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வீட்டில் அதைச் சொல்லக்கூடிய பெரியவர் இருந்தால், பயணத்துக்கு முன்பே கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அதற்குக் காசு பணம் தேவையில்லை. இன்று இரவே தொடங்கலாம்.