ஊதா மை

குருமடத்தில் என்னோடு பயின்ற நண்பர் ஒருவர் சென்ற மாதம் என்னைக் காண வந்தபோது, ஒரு மைப்புட்டியைப் பரிசாகத் தந்து சென்றார். ஊதா நிற மை. தவக்காலத்தில் நாங்கள் அணியும் திருவுடையின் நிறம். நீலத்திலும் கருப்பிலுமே எழுதிப் பழகிய கைக்கு அது ஒரு சிறு திருவிழா. பேனாவை நன்றாகக் கழுவி, மையை நிரப்பி, வெள்ளைத்தாளில் என் பெயரை எழுதிப் பார்த்தேன். அழுத்திய இடத்தில் ஆழ்ந்தும், நழுவிய இடத்தில் இளஞ்சிவப்பாய் வெளிறியும் எழுத்து அழகாக நின்றது. ஆசை அடங்கவில்லை. அந்த ஞாயிறன்று திருமுழுக்குப் பெற்ற பெண் குழந்தையின் பெயரையும் பதிவேட்டில் அந்த மையாலேயே எழுதிவிட்டேன்.

மறுநாள், என் மறையுரைக் குறிப்பின்மேல் ஒரு துளி தண்ணீர் சிந்தியது. துடைத்தபோது இரண்டு வரிகள் துணியோடு வந்துவிட்டன! நெஞ்சு திடுக்கிட்டது. பதிவேடு?

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, திருமுழுக்கைக் கவனமாகவும் காலந்தாழ்த்தாமலும் பதிவு செய்யுமாறு பங்குத்தந்தையைப் பணிக்கிறது. உறுதிபூசுதலும் திருமணமும் பின்னாளில் அதே வரியின் ஓரத்தில்தான் குறிக்கப்படும். ஒரு கிறிஸ்தவரின் வாழ்வே அந்த ஒரு வரியில் தொங்குகிறது. அதனால்தான் பதிவேட்டுக்கென்று இரும்பு கலந்த நீலக்கருப்பு மையை வைத்திருக்கிறேன். கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியும் கூடி நம் முன்னோருக்கு மையானதே, அந்த முறைதான் இதிலும். எழுதும்போது வெளிறியிருக்கும், காற்றுப் படப்படக் கறுத்து, தாளின் நாரோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீருக்கு அசையாது.

அந்த மையை எடுக்க மேசை அறையைத் திறந்தபோது, என் பழைய பணிக்குறிப்பேடு ஒன்று கையில் தட்டுப்பட்டது. பிரித்த பக்கத்தில், மூன்றாண்டுகளுக்கு முன் பங்குப் பேரவையில் நடந்த ஒரு வாக்குவாதம். கோவில் கட்டடக் கணக்கைக் கேட்டு என்னை எதிர்த்துப் பேசிய ஒருவரைப் பற்றி, அன்றிரவு சினத்தோடு ஒரு பக்கம் முழுவதும் எழுதியிருந்தேன். அதுவும் நீலக்கருப்பு மைதான். எழுதிய நாளைவிட இன்று அது கறுத்திருந்தது. அந்த மனிதரின் பேத்திதான் நேற்றுத் திருமுழுக்குப் பெற்ற குழந்தை.

வெட்கமாயிருந்தது. காக்க வேண்டிய பெயரைக் கரையும் மையால் எழுதினேன். மறக்க வேண்டிய கோபத்தையோ கரையா மையால் எழுதி வைத்தேன். அவர் கேட்ட கேள்வி நியாயமானது என்பதைச் சில மாதங்களிலேயே நான் உணர்ந்திருந்தேன். ஆயினும் அதை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை.

கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில், நமக்கு எதிராக இருந்த கடன் பத்திரத்தை இறைவன் அழித்துவிட்டதாகப் பவுல் கூறுகிறார். அங்குள்ள கிரேக்கச் சொல்லுக்குத் துடைத்து நீக்குதல் என்பது பொருள். கரிப்பொடியும் பிசினும் கலந்த அக்கால மை தாளின் மேற்பரப்பிலேயே தங்கும். ஈரத் துணியால் துடைத்துவிடலாம். குருமடத்தில் இதைப் படித்தேன், தேர்விலும் எழுதினேன். நம் குற்றங்களை இறைவன் எந்த மையால் எழுதுகிறார் என்பது மட்டும் அந்தத் திங்கட்கிழமைவரை எனக்கு விளங்கவில்லை.

பதிவேட்டில் குழந்தையின் பெயர்மேல் ஒவ்வோர் எழுத்தாக நீலக்கருப்பு மையை ஏற்றினேன். குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தைக் கிழித்து எரித்தேன். மாலையில் அவர் வீட்டுக்குச் சென்று, அன்று அவர் கேட்டது சரியே என்று சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு எழுந்து சென்று, உறங்கிக்கொண்டிருந்த பேத்தியைத் தூக்கிவந்து என் கைகளில் கொடுத்தார்.

ஊதா மை இன்னும் என் மேசைமேல் இருக்கிறது. மறையுரைக் குறிப்புகளை அதில்தான் எழுதுகிறேன். எவர்மேலேனும் மனத்தாங்கல் வந்தால் அதையும் அதிலேயே எழுதுகிறேன். தண்ணீர்க் குவளையும் பக்கத்திலேயே இருக்கிறது.