எள்ளு இல்லடா மாப்ள!

'எனக்கு அது ஒத்துக்காது'னு சொல்ற ஒருத்தர் உங்க கேங்லயும் இருப்பார். எத்தனை தடவை அவரை ஓட்டியிருப்பீங்க? நான் ஓட்டினதோட நிறுத்தலை.

என் ரூம்மேட்டுக்கு எள்ளு ஆகாது. இட்லிப் பொடி, நல்லெண்ணெய், எள்ளுருண்டை எல்லாத்துக்கும் தடா. மெஸ்ல தினமும், "அண்ணே, எள்ளு போட்டிருக்கா?"னு கேட்பான். நாங்க வெச்ச பேரு 'எள்ளு இன்ஸ்பெக்டர்'. ஒரு ஞாயித்துக்கிழமை ஊர்லேர்ந்து புளியோதரை கொண்டு வந்தேன். அம்மா எள்ளை வறுத்துப் பொடிச்சுப் போட்டது எனக்குத் தெரியும். அவன் கேட்டான். "இல்லடா மாப்ள, சும்மா சாப்பிடு"னேன். எல்லாம் மனப்பிரமைனு நிரூபிக்கிற ஆசை!

பத்தே நிமிஷம். உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு விசிலடிக்க ஆரம்பிச்சுது. சீனியர் பைக்ல நடுவுல உட்கார வெச்சு ஜி.ஹெச்சுக்குப் பறந்தோம். தொடையில அட்ரினலின் ஊசி போட்டாங்க. பிழைச்சுட்டான்.

"என்ன சாப்பிட்டான்?"னு டாக்டர் ரெண்டாவது தடவை கேட்டப்புறம்தான் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டலை. "இவன் செத்திருந்தா போஸ்ட்மார்ட்டத்துல எதுவுமே தெரியாமப் போயிருக்கலாம். தொண்டை வீக்கம்கூட எல்லார்கிட்டயும் இருக்காது. தொடை ரத்தக்குழாய்லேர்ந்து ரத்தம் எடுத்து 'டிரிப்டேஸ்' பார்க்கலாம். அலர்ஜி வந்தா உடம்பு கொட்டுற என்சைம் அது. ஆனா, வேற காரணத்தாலும் அது ஏறும். எள்ளுக்கான 'ஐ.ஜி.இ' டெஸ்ட்டும் உண்டு. எதைத் தேடணும்னு கூட இருந்தவங்கதான் சொல்லணும்"னார்.

நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா? அவங்க அம்மா காலம் பூரா காரணம் தெரியாமலே அழுதிருப்பாங்க!

அப்புறம்தான் நடாஷா கதையைப் படிச்சேன். 2016-ல லண்டன் ஏர்போர்ட்ல ஒரு சாண்ட்விச் வாங்கிச் சாப்பிட்ட 15 வயசுப் பொண்ணு. ரொட்டி மாவுக்குள்ள எள்ளு. கவர்ல அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. விமானத்துல அப்பா ரெண்டு ஊசி போட்டும் காப்பாத்த முடியலை. கடையிலேயே செஞ்சு பாக்கெட் போடுற சாப்பாட்டுல என்னென்ன இருக்குனு முழுசா அச்சடிக்கணும்னு 2021-ல அங்கே சட்டமே வந்துச்சு.

அங்கே லேபிள் சொல்லலை. இங்கே நான் சொல்லலை.

அவன் இப்பவும் என் ஃப்ரெண்டுதான். சிரிச்சுப் பேசுறான். ஆனா, நான் நீட்டுற எதையும் சாப்பிடுறதில்லை.

அதனால ஃப்ரெண்ட்ஸ், அடுத்த தடவை யாராவது, "இதுல என்ன போட்டிருக்கு?"னு கேட்டா, சிரிக்காம பதில் சொல்லுங்க. தெரியலைன்னா, 'தெரியலை'னு சொல்லுங்க. ப்ளீஸ்!